காட்டோர வயலைக் கணக்கில் சேருங்கள்

காட்டின் மதிப்பை ரூபாயில் சொல்லிவிட்டால் காடு பிழைக்கும். காட்டை ஒட்டி உழுபவரும் அதன் அருமையை உணர்ந்து அதற்குக் காவலாகிவிடுவார். வனத்துறைக் கூட்டங்களிலும் பல்கலைக்கழகக் கருத்தரங்குகளிலும் நாளிதழ்களின் நடுப்பக்கங்களிலும் இந்தக் கருத்து இன்று ஏறக்குறைய எதிர்ப்பே இல்லாமல் உலவுகிறது. இது தவறான கருத்து. இந்தத் தவறின் சுமை தாளவாடியில் இரண்டு ஏக்கர் ராகி போடுபவர் மீதும், கூடலூரில் அரை ஏக்கர் தேயிலை வைத்திருப்பவர் மீதும் இறங்குவதால் இதை மறுத்தே ஆக வேண்டும்.

முதலில் எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலுவோடு சொல்லிவிடுகிறேன். 1997-இல் ராபர்ட் கோஸ்டான்சாவும் அவருடைய சகாக்களும் ‘நேச்சர்’ இதழில் உலகின் சூழல் சேவைகளுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 33 லட்சம் கோடி டாலர் என்று மதிப்புப் போட்டார்கள். அன்றைய உலக மொத்த உற்பத்தியைப் போல அது ஏறத்தாழ இரண்டு மடங்கு. 2015-இல் போபாலில் உள்ள இந்திய வன மேலாண்மை நிறுவனம், தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தோடு சேர்ந்து கார்பெட், கன்ஹா, காசிரங்கா, பெரியாறு, ரந்தம்போர், சுந்தரவனம் ஆகிய ஆறு காப்பகங்களின் சேவைகளை மதிப்பிட்டது. பெரியாற்றுக்கு மட்டும் ஆண்டுக்கு 1,760 கோடி ரூபாய் வந்தது. 2019-இல் ஆனைமலை உள்ளிட்ட மேலும் பத்துக் காப்பகங்களுக்கு இதே வேலை நடந்தது. மரத்தை வெட்டினால்தான் வருமானம், வெட்டாத காடு சும்மா கிடக்கும் நிலம் என்று எண்ணிய நிதித்துறைக்கு இந்த எண்கள் ஒரு பதிலைக் கொடுத்தன. அது நல்ல காரியம்.

இந்த வாதம் அங்கே நிற்பதில்லை. காட்டின் தண்ணீரும் தேனீயும் மண்வளமும் முதலில் போய்ச் சேர்வது பக்கத்து வயலுக்குத்தானே, ஆகவே காட்டால் அதிகம் பயன்பெறுபவர் காட்டோர விவசாயிதான் என்று அடுத்த படிக்குப் போகிறது. யானையும் பன்றியும் தின்பது அந்தப் பெரிய வரவிலிருந்து கழிக்க வேண்டிய சிறு செலவாம். அதற்கு நிவாரணம் கொடுத்து, விழிப்புணர்வு முகாமும் நடத்தினால் போதுமாம். இந்த இரண்டாம் படியைத்தான் மறுக்கிறேன்.

1. நன்மை ஓரிடத்தில், செலவு வேறிடத்தில்.

பெரியாற்றின் 1,760 கோடியைப் பிரித்துப் பாருங்கள். மரபணு வளத்தைக் காப்பதற்கு 786 கோடி, தமிழக மாவட்டங்களுக்குப் போகும் தண்ணீருக்கு 405 கோடி, காட்டுயிர்களின் வாழிடத்துக்கு 355 கோடி. மொத்தத்தில் பத்தில் ஒன்பது பங்கை நெருங்குகின்றன இந்த மூன்றும். மரபணு வளம் மனிதகுலத்துக்கே பொதுவானது. தண்ணீர் தேனிக்கும் மதுரைக்கும் போகிறது. வாழிடம் விலங்குகளுடையது. குமுளியில் மிளகும் ஏலமும் வைத்திருக்கும் சிறு விவசாயியின் வீட்டுக்கு இந்த மூன்றில் எது தனியாக வந்து சேர்கிறது? மதிப்பீடு செய்தவர்கள் இந்தப் பிரிவைத் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். மொத்தத் தொகையை மட்டும் மேடையில் சொல்பவர்கள்தான் அதை விழுங்கிவிடுகிறார்கள்.

நம் பக்கத்துக்கு வருவோம். முதுமலை, சத்தியமங்கலம் காடுகளின் நீரை மாயாறு கொண்டுவந்து பவானிசாகரில் சேர்க்கிறது. அங்கிருந்து கீழ்பவானிக் கால்வாய் ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கருக்குப் பாய்கிறது. சத்தியமங்கலம் காட்டின் ஆகப்பெரிய பணமதிப்பு எது என்று கேட்டால் இந்த நீரைத்தான் காட்ட வேண்டும். திம்பத்தின் 27 கொண்டைஊசி வளைவுகளுக்கு மேலே, நாலாபுறமும் காடு சூழ்ந்து கிடக்கும் தாளவாடிக்கு அந்த நீர் ஏறாது. அங்கே மழையும் ஆழ்துளைக் கிணறும்தான். யானை மட்டும் தாளவாடிக்கு வரும். காட்டால் நிலத்தடி நீர் ஊறுகிறது, வெயில் தணிகிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் கோபியின் நெல் வயலுக்குக் கிடைக்கும் நன்மையைத் தாளவாடியின் பற்றில் எழுதுவதை எந்தக் கணக்குப்பிள்ளையும் ஏற்கமாட்டார்.

2. தேனீயின் மதிப்பு பயிரைப் பொறுத்தது.

காட்டோர வயலுக்குக் காடு தரும் சேவைகளில் அடிக்கடி சொல்லப்படுவது மகரந்தச் சேர்க்கை. இந்த வாதத்துக்கு உலகப் புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. கோஸ்டாரிகாவில் ஃபின்கா சாண்டா ஃபே என்ற காப்பித் தோட்டத்தில் டெய்லர் ரிக்கெட்ஸும் சகாக்களும் நடத்திய ஆய்வு 2004-இல் வெளியானது. காட்டுத் துண்டுகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருந்த காப்பிச் செடிகளில் விளைச்சல் 20 சதவீதம் கூடியிருந்தது. இரண்டு சிறு காட்டுத் துண்டுகளில் வாழ்ந்த தேனீக்கள் அந்த ஒரு தோட்டத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 60,000 டாலர் சம்பாதித்துக் கொடுத்தன. நேர்த்தியான ஆய்வு அது. சூழல் பொருளியல் படிப்பவர்கள் இன்றும் அதை வாசிக்கிறார்கள்.

அதன்பின் நடந்ததைப் பலர் சொல்வதில்லை. காப்பி விலை சரிந்தது. அந்தத் தோட்டத்தில் காப்பியை அழித்துவிட்டு அன்னாசி போட்டார்கள். அன்னாசிக்குத் தேனீ தேவையில்லை. காடு அங்கேயே இருந்தது, தேனீயும் இருந்தது. 60,000 டாலர் மட்டும் பூஜ்யமானது. சூழலியலாளர் டக்ளஸ் மெக்காலி 2006-இல் இதே ‘நேச்சர்’ இதழில் இதைச் சுட்டிக்காட்டினார். காட்டின் மதிப்பு காட்டுக்குள் இல்லாமல் சந்தையில் இருந்தால், சந்தை கவிழும் அன்று காட்டைக் காக்க என்ன காரணம் மிஞ்சும்?

இனித் தாளவாடியில் என்ன விளைகிறது என்று பாருங்கள். ராகி தன் மகரந்தத்தாலேயே மணி பிடிக்கும். மக்காச்சோளத்துக்குக் காற்று போதும். வாழை மகரந்தம் இல்லாமலே காய்க்கும். கரும்பில் தண்டையும், மஞ்சளிலும் மரவள்ளியிலும் கிழங்கையும், முட்டைக்கோசில் இலையையும் அறுக்கிறோம். கூடலூர்ச் சிறு விவசாயியின் முதன்மைப் பயிரான தேயிலையில் பறிப்பது கொழுந்து. பூசணி, சூரியகாந்தி, காப்பி, ஏலம் ஆகியவற்றுக்குத் தேனீ பெரும் உதவி. அவற்றை வைத்திருப்பவருக்கு அந்த நன்மை உண்மையானது, எழுதட்டும். ஆனால் ஓரிடத்துக் காப்பித் தோட்டத்தில் கண்ட தொகையை ஹெக்டேருக்கு இவ்வளவு என்று வகுத்து, காட்டோர நிலம் முழுவதற்கும் பெருக்கிப் போடுவது இந்தத் துறையில் பழகிப்போன குறுக்குவழி. கள ஆய்வுக்குப் பணமும் காலமும் இல்லாதபோது வேறு நாட்டு மதிப்பை எடுத்து இங்கே பொருத்துகிறார்கள். அந்த எண்ணில் தாளவாடி இல்லை.

எண்கள் எவ்வளவு தளர்வானவை என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. 2015-இல் ஆறு காப்பகங்களின் மதிப்பு ஆண்டுக்கு 830 கோடியிலிருந்து 1,760 கோடி வரை இருந்தது. 2019-இல் பத்துக் காப்பகங்களில் மிகக் குறைந்ததே 5,000 கோடியைத் தாண்டியது. உச்சம் 16,000 கோடியைத் தாண்டியது. காப்பகங்கள் வேறுதான். ஆனாலும் நான்கே ஆண்டுகளில் இத்தனை மடங்கு தாவியது காடு செய்த வேலை அல்ல. எதையெல்லாம் சேர்ப்பது, எப்படி விலை வைப்பது என்ற முடிவுகள் செய்த வேலை. இவ்வளவு நெகிழும் அளவுகோலை வைத்துக்கொண்டு ஒரு விவசாயியிடம் போய் ‘உனக்கு வரவே அதிகம்’ என்று எப்படிச் சொல்ல முடியும்?

3. கணக்கில் வரவு, சட்டத்தில் குற்றம்.

தீவனம், விறகு, தேன், சிறு வனப்பொருள் என்று காடு தரும் பொருள்களையும் இந்த மதிப்பீடுகள் சேர்க்கின்றன. கன்ஹாவின் கணக்கில் வெளிவட்டத்துத் தீவனத்துக்கே 54 கோடிக்கு மேல் மதிப்பு உண்டு. தமிழ்நாட்டில் 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் காட்டில் மாடு மேய்க்கத் தடை விதித்தது. பிறகு அந்தத் தடையைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா ஆகியவற்றுக்கு மட்டும் என்று சுருக்கியது. பர்கூர் மலையில் மாடு காட்டில் மேய்ந்து பட்டியில் அடைவது தலைமுறை வழக்கம். பட்டிச் சாணம் சமவெளி வயல்களுக்கு எருவாகப் போகிறது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மேய்ச்சலை உரிமை என்கிறது. உரிமையாக எழுதி, தடையாக நடைமுறைப்படுத்தி, வரவாகவும் கணக்கில் காட்டுவது என்ன நியாயம்? எடுக்க அனுமதியில்லாத பொருளை எடுப்பவரின் நன்மையாக எழுதக் கூடாது. இதற்கு மேல் இதில் வாதம் தேவையில்லை.

4. தின்ற பயிர்தான் இழப்பா?

நிவாரண விண்ணப்பத்தில் இத்தனை ஏக்கர், இன்ன பயிர், இத்தனை ரூபாய் சேதம் என்பதற்குத்தான் இடம் இருக்கிறது. காட்டோர வாழ்க்கையின் பெரும் செலவு எதுவும் அந்தக் கட்டங்களில் அடங்காது.

ராகி பால் பிடிக்கும் நாளிலிருந்து அறுப்பு முடியும்வரை பரண் மேல் காவல். மக்காச்சோளம் கதிர் வைத்தால் அப்படியே. டார்ச், பட்டாசு, தகரம், தூக்கம் கெட்ட உடம்பு, மறுநாள் போக முடியாத கூலி வேலை. ஆண்கள் பரணுக்குப் போனால் பெண்களும் பிள்ளைகளும் ராத்திரி முழுக்க வீட்டுக்குள் தனியாகக் காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பார்கள். காலையில் யானை நிற்கும் பாதையில் பள்ளிக்கூடம் போக முடியாது. யானை ஒன்றும் தின்னாமல் திரும்பிப் போன இரவிலும் இவை அத்தனையும் செலவாகியிருக்கும். அன்றைக்குச் சேதம் பூஜ்யம் என்று பதிவாகும்.

பன்றிக்குப் பயந்து கடலை போடுவதை நிறுத்தியவருக்கும், யானைக்குப் பயந்து வாழையைக் கைவிட்டவருக்கும் சேதச் சான்று யார் தருவார்கள்? விதைக்காத பயிரைப் படம் எடுக்க முடியாது. காட்டோர ஊர்களில் தரிசு கிடக்கும் நிலங்களும், ஆள் இல்லாமல் சும்மா நிற்கும் சில்வர் ஓக் மரங்களும் இந்த இழப்பின் அடையாளங்கள். இது எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறுவதில்லை.

பதிவாகும் சேதத்துக்கும் பணம் எளிதாக வருவதில்லை. வனத்துறை ஆய்வு, வி.ஏ.ஓ. சான்று, பயிர் மதிப்பீடு, பட்டா, சிட்டா, அடங்கல் என்று அலைய வேண்டும். கர்நாடகத்தின் பந்திப்பூர், நாகரஹொளே ஓர ஊர்களில் 2015-இல் ‘வைல்டு சேவே’ என்ற திட்டத்தை ஒரு தன்னார்வ நிறுவனம் தொடங்கியது. கட்டணமில்லாத தொலைபேசியில் அழைத்தால் ஆள் வந்து விண்ணப்பத்தை நிரப்பித் தருவார். விண்ணப்பம் போடுவதற்கே தனியாக ஓர் அமைப்பு தேவைப்பட்டிருக்கிறது என்றால், போடாமல் விட்டவர்கள் எத்தனை பேர் என்று யோசிக்கலாம். கூடலூரில் நிலைமை இன்னும் மோசம். 1969-ஆம் ஆண்டின் ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தில் 17-ஆம் பிரிவுக்குள் சிக்கிய நிலங்களில் தலைமுறைகளாகப் பயிர் செய்பவர்களுக்குப் பட்டா கிடையாது. பட்டா கேட்கும் எந்தத் திட்டத்திலும் அவர்கள் விவசாயிகளே அல்லர்; யானை மட்டும் அவர்கள் நிலத்துக்குப் பட்டா கேட்காமல் வருகிறது.

உயிரையும் சொல்ல வேண்டும். இந்தியாவில் யானைகளால் ஆண்டுக்கு 500 பேருக்கு மேல் இறக்கிறார்கள். மத்திய அரசின் திட்டத்தில் ஓர் உயிருக்கான நிவாரணம் 2023 டிசம்பரில்தான் 5 லட்சத்திலிருந்து 10 லட்சமானது. ஒரு காப்பகத்துக்கு ஆயிரக்கணக்கான கோடி மதிப்புப் போடும் அறிக்கையில் இந்த மரணங்கள் கழித்தல் குறியோடு ஏறியிருக்க வேண்டாமா?

5. வயலும் சேவை செய்கிறது.

இதுதான் என் மறுப்பின் மையம். காடு கொடுக்கிறது, வயல் வாங்குகிறது என்ற படமே தவறு. காட்டோரத்தில் திறந்து கிடக்கும் ராகி நிலம் யானைக்கு வழி. அறுத்தபின் அது மானுக்கு மேய்ச்சல். விவசாயியின் குட்டையில் இரவில் விலங்குகள் நீர் குடிக்கின்றன. வரப்பில் நிற்கும் புளியும் நாவலும் பறவைகளுக்கும் வௌவால்களுக்கும் இரை. அந்த நிலத்தை அவர் விற்றுவிட்டால் அங்கே என்ன வரும்? சுற்றுச்சுவரும் ரிசார்ட்டும் வரும். நீலகிரியின் சீகூர்ப் பீடபூமியில் அப்படித்தான் வந்தது. யானை வலசைப் பாதையை மறித்த கட்டடங்கள் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2020 அக்டோபரில்தான் முடிவுக்கு வந்தது. உழவர் தன் நிலத்தை உழவு நிலமாகவே வைத்திருப்பது காட்டுக்கு அவர் செய்யும் சேவை. ஒரு ரூபாய்கூட எழுதப்படாத சேவை.

சட்டமே அவரை இந்தச் சேவைக்குக் கட்டாயப்படுத்துகிறது. காட்டுப்பன்றி குறித்துத் தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்த விதியைப் பாருங்கள். காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறை பன்றியைச் சுடலாம். ஒன்று முதல் மூன்று கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விடலாம். ஒரு கிலோமீட்டருக்குள் சுட அனுமதி இல்லை. காட்டுயிர் நோக்கில் இந்த வரையறை சரி. காட்டின் விளிம்பில் துப்பாக்கி வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் அதன் பொருளாதாரத்தை வாசியுங்கள். பன்றியால் அதிகம் இழக்கும் ஒரு கிலோமீட்டர் விவசாயி தன் வயலைப் பன்றிக்குத் திறந்து வைக்க வேண்டும். அது பொதுநலனுக்காக அவர் மீது வைக்கப்பட்ட சுமை. திம்பம் மலைப்பாதையில் 2022 பிப்ரவரியில் நீதிமன்ற உத்தரவால் அமலான இரவுப் போக்குவரத்துத் தடையும் இதே வகை. வண்டியில் அடிபட்டுச் சாகும் விலங்குகளுக்காக அது தேவை. இரவில் இறங்க வேண்டிய தாளவாடிக் காய்கறி லோடு அதற்கு விலை கொடுத்தது.

இந்தச் சேவைக்கு மதிப்பில்லை என்று விட்டால் அது மெல்ல மறையும். குடகில் கண்முன்னே நடக்கிறது. காப்பித் தோட்டத்து நாட்டு மரங்கள் காட்டின் நீட்சி போல நின்றன. ஆனால் அவற்றை வெட்டும் உரிமை பலவகை நிலங்களில் தோட்டக்காரருக்கு இல்லை, அல்லது அனுமதிக்கு அலைய வேண்டும். சில்வர் ஓக்கை வளர்த்து வெட்டி விற்க அத்தனை தடை இல்லை. ஆகவே நிழலுக்குச் சில்வர் ஓக் நடுகிறார்கள். நாட்டு மரத்தைப் பாதுகாக்கப் போட்ட விதியே நாட்டு மரத்தைச் சுமையாக்கியது. வயல் தரும் சேவையை அளக்காமல் காடு தருவதை மட்டும் அளந்தால் இப்படிப்பட்ட விதிகள்தான் பிறக்கும்.

6. விலை வைத்தால் விற்கவும் வழி பிறக்கும்.

‘எண் இல்லாவிட்டால் அரசு அசையாது’ என்பார்கள். இந்தியா காட்டுக்கு எண் போட்டுப் பார்த்துவிட்டது. காட்டு நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு எடுப்பவர் கட்ட வேண்டிய நிகர நிகழ்கால மதிப்பை 2008-இல் உச்ச நீதிமன்றம் காட்டின் வகைக்கேற்ப ஹெக்டேருக்கு 4.38 லட்சம் முதல் 10.43 லட்சம் வரை நிர்ணயித்தது. 2022-இல் அது 9.57 லட்சம் முதல் 15.95 லட்சம் வரை உயர்ந்தது. சூழல் சேவைகளைக் கணக்கிட்டுத்தான் இந்தத் தொகை வந்தது. நடைமுறையில் அது சுரங்கமும் சாலையும் கேட்பவருக்கு ஒரு கட்டணப் பட்டியல். பணத்தைக் கட்டிவிட்டால் காட்டை எடுத்துக்கொள்ளலாம். கட்டிய பணம் ஈடுகாடு வளர்ப்புக்கான காம்பா நிதியில் குவிந்தது. 2019 ஆகஸ்டில் மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டதே 47,000 கோடிக்கு மேல். அந்தக் காட்டின் ஓரத்தில் உழுதவரின் பெயர் இந்தப் பணப் பயணத்தில் எங்கும் வரவில்லை.

இங்கே ஓர் எதிர்க்கேள்வி வரும்: காட்டோர விவசாயிக்குப் பணம் கொடுத்தால் ஆக்கிரமிப்பு பெருகாதா? நியாயமான பயம். நாள் குறித்து, 2006-க்கு முன்பிருந்தே உழப்படும் நிலம் என்று கிராமசபை சான்றளிக்கும் வயல்களுக்கு மட்டும் கொடுத்தால் அந்தப் பயம் தீரும். யார் எந்த நிலத்தை எத்தனை காலமாக உழுகிறார்கள் என்பது ஊருக்குத் தெரியும். பட்டா இல்லாத கூடலூர்க்காரரும் இந்த வழியில்தான் உள்ளே வர முடியும்.

அளக்கவே வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. அளவின் அலகு காப்பகமாக இல்லாமல் வயலாக இருக்கட்டும். இந்த வயலுக்குக் காட்டிலிருந்து உண்மையில் எது வருகிறது, இந்த வயலிலிருந்து காட்டுக்கு எது போகிறது, எந்தப் பயன்பாட்டைச் சட்டம் மறுக்கிறது, எத்தனை இரவு காவலுக்குப் போகிறது, எந்தப் பயிர் கைவிடப்பட்டது என்று உழுபவரிடமே கேட்டு எழுதுங்கள். ஓராண்டு போதாது, யானை வரும் ஆண்டும் வராத ஆண்டும் உண்டு. தொகையை ‘சேதத்துக்கு நிவாரணம்’ என்று கொடுக்காமல், விதைக்கும் முன்பே, போகம்தோறும், ‘இந்த நிலத்தைத் திறந்த உழவு நிலமாக வைத்திருப்பதற்கான ஊதியம்’ என்று கொடுங்கள். சேதச் சான்று தேடி அலைவது அப்போது தேவைப்படாது. கோஸ்டாரிகா 1997 முதல் எரிபொருள் வரியிலிருந்து எடுத்து, காடு வைத்திருக்கும் நில உடைமையாளர்களுக்குப் பணம் கொடுத்துவருகிறது. நமக்குப் புதிய வரிகூட வேண்டாம். காம்பா நிதி இருக்கிறது. பவானியிலும் பெரியாற்றிலும் நீர் எடுக்கும் ஊர்களும் ஆலைகளும் மின்நிலையங்களும் இருக்கின்றன.

எங்கிருந்து தொடங்குவது என்று தேட வேண்டியதில்லை. பன்றியைச் சுடக்கூடாது என்று அரசே ஒரு கிலோமீட்டர்க் கோடு போட்டு வைத்திருக்கிறது. அந்தக் கோட்டுக்குள் உழுபவர்களின் பட்டியலைத் தாளவாடி, பர்கூர், கூடலூர் கிராமசபைகளில் இந்த ஆண்டே எடுக்கலாம். முதல் தொகையை வரும் ஆடி விதைப்புக்கு முன் கையில் கொடுக்கலாம்.